தென்னைமர வானொலி

கல்முனைக்குடியில் றிஸ்னாவுக்கு ஒரு பட்டப் பெயர் இருந்தது. 'ஏன் புள்ள.' ஏன் அந்தப் பெயர் வந்தது என்று அவளிடம் கேட்டால், "ஏன் கேக்கிறீங்க?" என்பாள். அவ்வளவுதான் காரணம்.

வயது பத்து. ஆனால் அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு பள்ளிக்கூடமே போதாது. முட்டையிடுவது கோழி, சேவல் ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறது? சுனாமியில் ஊரே விழுந்தபோது இந்த ஒற்றைத் தென்னை மட்டும் ஏன் விழவில்லை? தகரக் கொட்டிலுக்குள் இரவில் ஏன் பகலைவிடக் குளிர்?

"புள்ள, கொஞ்சம் வாய மூடிட்டு இரி!" என்பார்கள் பெரியவர்கள். சுனாமிக்குப் பிறகு ஊர் தங்கியிருந்த முகாமில் அப்படிச் சொல்லாதவர் ஒருவர்தான். நதீரா ராத்தா.

அந்த ஊரில் அக்காவை ராத்தா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். நதீரா ராத்தாவும் கேள்வி கேட்கிறவர்தான். அதுவே அவருக்குத் தொழில். கொழும்பிலிருந்து வரும் பத்திரிகை ஒன்றுக்குக் கல்முனை நிருபர். சுனாமியில் அவர் வீடும் போய்விட்டதால், எல்லாரையும்போல முகாமில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார்.

பத்திரிகையில் ஒரு சிக்கல் இருந்தது. இங்கிருந்து அனுப்பும் செய்தி அச்சாகிக் கல்முனைக்குத் திரும்பி வருவதற்குள் பழசாகிவிடும். 'இன்று பால்மா கொடுக்கிறார்கள்' என்ற செய்தி, பால்மா முடிந்த பிறகு வந்து என்ன பயன்?

அதனால், ஊர்க்காரர்களே நடத்தும் ஒரு குட்டி வானொலி வேண்டும் என்று நதீரா ராத்தா அனுமதி கேட்டார். அம்பாறைக்குப் போனார். கொழும்புக்கும் போனார். "பிறகு வாங்க" என்றார்கள். பிறகு போனார். "பிறகு வாங்க" என்றார்கள்.

"காத்தில அனுப்பத்தானே விட மாட்டாங்க?" என்றார் ஒருநாள். "கம்பியில அனுப்புவம்."

முகாம் அலுவலகத்தில் ஓர் ஒலிபெருக்கி சும்மா கிடந்தது. அதன் குழாயை அந்த ஒற்றைத் தென்னையில் ஏற்றிக் கட்டினார்கள். பொலிசும் சரி என்றது. அன்றிலிருந்து பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் மரம் பேசத் தொடங்கிவிடும். பிள்ளைகள் அதற்குத் தென்னைமர வானொலி என்று பெயர் வைத்தார்கள்.

நாளைக்கு எந்த வரிசைக்குப் பால்மா, டொக்டர் எப்போது வருவார், யாருடைய ஆடு யாருடைய கொட்டிலில் படுத்திருக்கிறது, எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும், அதைக் கண்டு சொன்னவர் யார் என்பதும் வரும். நதீரா ராத்தா அதை ஒருநாளும் விடமாட்டார்.

கடைசிச் செய்தி எப்போதும் ஒன்றுதான்.

"இன்றைக்குக் கடல் அமைதி. கண்டு சொன்னவர், தோணிக்கார மீராமுகைதீன்."

அந்தச் செய்திக்காக முகாமில் ஒருவர் தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அது றிஸ்னாவின் உம்மா சுபைறா.

றிஸ்னாவின் வாப்பாவுக்குக் கட்டார் நாட்டில் வேலை. கடல் வந்த அன்று வீட்டில் உம்மாவும், உம்மாவின் தங்கை ஹாஜறா சாச்சியும், றிஸ்னாவும்தான் இருந்தார்கள். கடல் வீட்டையும் சாச்சியையும் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு உம்மா கடற்கரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வாசலில் ஒரு பை எப்போதும் கட்டியபடி இருக்கும். ஓடவேண்டி வந்தால் எடுத்துக்கொண்டு ஓட.

மரம் "கடல் அமைதி" என்று சொன்னதும் உம்மா பிடித்துவைத்த மூச்சை விடுவார். "சரி, சோறாக்குவம்" என்று எழுந்திருப்பார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு தவளை வந்து கெடுத்தது.

"தண்ணி ஏன் மணக்குது?" என்று றிஸ்னா ஒருநாள் கேட்டாள். பவுசர் லொறி வந்து நிரப்பிவிட்டுப் போகும் பெரிய கறுப்புத் தாங்கியின் தண்ணீர் அது. யாரும் பதில் சொல்லவில்லை. அதனால் அவளே ஏறி மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு தவளை மிதந்தது. உயிரோடு இல்லை. இறந்தது இன்றோ நேற்றோ இல்லை.

நதீரா ராத்தாவிடம் ஓடினாள். அவர் உடனே நம்பிவிடவில்லை. தானும் ஏறிப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். மாலையில் மரம் சொன்னது:

"கறுப்புத் தாங்கியில் தவளை செத்துக் கிடக்கிறது. தாங்கியைக் கழுவும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கண்டு சொன்னவர் றிஸ்னா. பிறகு நானும் போய்க் கண்டேன்."

றிஸ்னாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முகாம் பொறுப்பாளர் அப்துல் ஹமீட் சேருக்குக் கோபம் தாங்கவில்லை. அன்று பார்த்துக் கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் ஜீப்பில் வந்து, அவர் கொடுத்த தேநீரை அப்போதுதான் வாயில் வைத்திருந்தார்கள்.

ஹமீட் சேர் கெட்டவர் இல்லை. முகாமில் எல்லாருக்கும் ஓடி ஓடி வேலை செய்கிறவர்தான். ஆனால் அவருக்கு எல்லாம் வெளியே பார்க்க அழகாக இருக்கவேண்டும். சேறும் புழுதியுமான அந்த முகாமில் தினமும் சலவை செய்த வெள்ளைச் சட்டை போடுகிறவர் அவர் ஒருவர்தான். சட்டைப்பையில் ஒரு பேனா எப்போதும் செருகியிருக்கும்.

"நதீரா, இனிமே வாசிக்க முதல் எனக்கிட்டக் காட்டணும்" என்றார் அவர். "நான் வேணாம் எண்டத வெட்டிருவன். மிச்சத்த வாசிங்க."

"தவள கிடந்தது பொய்யா சேர்?"

"பொய் எண்டு நான் சொல்லல்ல. அத ஏன் ஊரெல்லாம் கேக்கச் சொல்ற?"

"ஊரெல்லாம் அந்தத் தண்ணியத்தானே குடிக்கிற?"

ஹமீட் சேர் பேனாவை எடுத்துப் பார்த்தார். திரும்பச் செருகிக்கொண்டார்.

"காட்ட ஏலாது எண்டா வாசிக்கவும் ஏலாது."

"உங்களுக்குக் காட்டி, நீங்க வெட்டின பிறகு மிஞ்சிறது செய்தி இல்ல சேர்" என்றார் நதீரா ராத்தா. குரல் உயரவில்லை. ஆனால் ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

அன்றே தென்னையிலிருந்து குழாய் இறங்கியது. குழாய், பெட்டி, மைக் எல்லாம் ஹமீட் சேரின் அலுமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டன.

மறுநாள் அஸர் முடிந்ததும் நதீரா ராத்தா வழக்கம்போலத் தென்னையடிக்கு வந்தார். மைக் இல்லை, குழாய் இல்லை. நிமிர்ந்து நின்று வாயாலேயே செய்தி சொன்னார். அதற்கு அடுத்த நாளும் சொன்னார். தொண்டை கட்டிப்போய், இஞ்சித் தேநீரைக் குடித்துக் குடித்துச் சொன்னார்.

ஆனால் பாவம், அந்தக் குரல் முன்வரிசைக் கொட்டில்களைத் தாண்டவில்லை. றிஸ்னாவின் கொட்டில் கடைசி வரிசை. அதனால் றிஸ்னா மரத்தடியில் கேட்டுவிட்டு உம்மாவிடம் ஓடுவாள்.

"உம்மா, இண்டைக்கிக் கடல் அமைதி!"

"ஆரு கண்ட?"

"மீராமுகைதீன் காக்கா."

"அவர் ஆருக்குச் சொன்ன?"

"நதீரா ராத்தாக்கு."

"எனக்கு ஆரு சொல்ற?"

"நான்."

"அதான் புள்ள" என்று பெருமூச்சு விட்டு, உம்மா பையின் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்குவார். மரத்திலிருந்து வந்த நிம்மதி மகளின் வாயிலிருந்து வரவில்லை.

ஒருநாள் சொல்லியே விட்டார். "வாற கிழம நாம சம்மாந்துறைக்குப் போவம் மகள். மாமாட வீட்டோட இரிப்பம். அங்க கடல் இல்ல. எனக்கு இஞ்ச நித்திரையே வருதில்ல."

றிஸ்னா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சம்மாந்துறையில் மாமா இருக்கிறார். மாமாவின் கோபக்காரப் பசு இருக்கிறது. ஆனால் பக்கத்துக் கொட்டில் சுல்பிகா இல்லை, அவள் படிக்கும் பள்ளிக்கூடம் இல்லை, தென்னைமரமும் இல்லை. 'நான் அந்தத் தாங்கிக்குள்ள எட்டிப் பாக்காம இரிந்திரிக்கலாம்' என்று முதல்முறையாக நினைத்தாள். நினைத்துவிட்டு, 'அப்ப எல்லாரும் தவளத் தண்ணியக் குடிச்சிரிப்பாங்களே' என்றும் நினைத்தாள். இரண்டில் எது சரி என்று கேட்க அன்று யாரும் இல்லை. நதீரா ராத்தா அம்பாறைக்குப் போக பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். மறுபடியும் அனுமதி கேட்கத்தான்.

பள்ளிக்கூடங்களுக்கு அப்போது விடுமுறைக் காலம். உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். திடீரென்று முன்வரிசையிலிருந்து கூக்குரல்.

"கடல் வருது! ஓடுங்க! கடல் வருது!"

றிஸ்னா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கடல் விசயத்தில் மட்டும் அவளுக்கு ஒரு சட்டம் தெரியும். அதை மரம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது: "கடல் என்று யாராவது கத்தினால் முதலில் ஓடுங்கள். கேள்வியைப் பிறகு கேளுங்கள்."

உம்மா ஒரு கையில் பையையும் மறு கையில் மகளையும் பிடித்துக்கொண்டு ஓடினார். முகாமே ஓடியது. தெருக்கள் ஓடின. பெரிய ரோட்டைத் தாண்டி, வயல்களின் வரம்பில் ஏறி, மூச்சு முட்டியபோதுதான் நின்றார்கள்.

வயலெல்லாம் சனம். ஒருவர் சுவர் மணிக்கூட்டைக் கட்டிப்பிடித்திருந்தார். ஒரு பெண்ணிடம் சோற்றுப் பானை இருந்தது, மூடியோடு. தையல்காரர் பாதி தைத்த காற்சட்டையோடு நின்றார். காற்சட்டையின் சொந்தக்காரர் பக்கத்தில் சாரத்தோடு நின்று, அந்தக் காற்சட்டையிலேயே கண்ணாக இருந்தார்.

எல்லாரும் கிழக்கே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் போனது. இன்னும் கொஞ்ச நேரம் போனது. கடல் வரவில்லை. ஆனால் யாருக்கும் திரும்பிப் போகவும் தைரியம் இல்லை. சிலர் இன்னும் மேற்கே நடக்கத் தொடங்கினார்கள்.

"வா மகள்" என்றார் உம்மா. பையைத் தோளில் போட்டுக்கொண்டார். "இப்பிடியே சம்மாந்துறைக்கு நடப்பம். இனி இஞ்ச திரும்பி வாறல்ல."

"உம்மா, ஓடிட்டம்தானே?" என்றாள் றிஸ்னா.

"ஓம்."

"அப்ப இனிக் கேக்கலாம்தானே?"

உம்மா பதில் சொல்வதற்குள் அவள் உம்மாவின் கையை இழுத்துக்கொண்டு சோற்றுப் பானைக்காரியிடம் போய்விட்டாள்.

"மாமி, நீங்க கடலக் கண்டீங்களா?"

"நான் எங்க புள்ள காண? சோறு வடிச்சிட்டு இரிந்த. தையல்கார காக்காதான் கத்தின."

தையல்காரரிடம் போனார்கள்.

"காக்கா, நீங்க கண்டீங்களா?"

"மெசினுக்கு முன்னால இரிந்தவன் எப்பிடிக் காண? அந்தா, ஓட்டோக்காரத் தம்பி. அவன்தான் சொல்லிட்டுப் போன."

ஓட்டோக்காரர் தன் ஓட்டோவை வயலோரம் வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"நீங்க கண்டீங்களா?"

"இல்ல. ஆனா மீன்காரர் கதிர்காமன் அண்ணன் சைக்கிள்ல பறந்து வாறதக் கண்ட. அவர்ர முகத்தக் கண்ட. உடன ஓட்டோவத் திருப்பிட்டன்."

"முகத்தக் கண்டா?"

"நீ அந்த முகத்தக் காணல்ல புள்ள. கண்டிரிந்தா நீயும் ஓட்டோ ஓட்டியிரிப்பாய்."

கதிர்காமன் பாண்டிருப்பில் இருந்து தினமும் மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் வருகிறவர். அவருடைய 'பாம் பாம்' சத்தத்தை அந்தத் தெருக்களில் அறியாதவர் இல்லை. அவர் வரம்பில் குந்தியிருந்தார். சரிந்துபோன பெட்டியையும் அவரையும் ஒரு கொக்கு மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, கடலக் கண்டது நீங்களா?"

"ஓம் மகள். ரெண்டு கண்ணாலயும் கண்ட நான்."

உம்மாவின் நகம் றிஸ்னாவின் கையில் பதிந்தது.

"எவ்வளவு உசரம்?"

"உசரமா? இவ்வளவு இருக்கும்" என்று தன் இடுப்புவரை காட்டினார். "பச்சையும் வெள்ளையும்."

"கடலா?"

"இல்ல மகள், தோணி! கரையில கிடந்த தோணி எல்லாத்தையும் ஆக்கள் தூக்கித் தூக்கி ரோட்டுப் பக்கம் ஏத்துறாங்க. கடல் வராம ஆர் தோணிய ரோட்டுக்கு ஏத்துவாங்க, சொல்லு?"

"அப்ப கடல்?"

கதிர்காமன் தலையைச் சொறிந்தார்.

"கடல் தோணிக்கு அங்கால இருந்திச்சு. நான் இங்கால திரும்பிட்டன்."

உம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. றிஸ்னா நிமிர்ந்து பார்த்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

றிஸ்னா யோசித்தாள்.

"மாமா, கடல் வந்தா தோணிய ஏத்திக்கிட்டு நிப்பாங்களா? தோணிய விட்டுட்டு ஓடுவாங்களா?"

கதிர்காமன் திரும்பிக் கிழக்கே பார்த்தார். சுனாமி வந்த அன்று யாரும் தோணியைத் தொடவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். தோணிகள் பிறகு கூரைகளின் மேல் கிடந்தன.

அப்போது பெரிய ரோட்டில் 'டுக்கு டுக்கு' என்று ஓர் உழவு இயந்திரம் வந்தது. அதன் பெட்டியில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு புதுத் தோணி. தோணிக்குள் வெற்றிலை மென்றபடி மீராமுகைதீன் உட்கார்ந்திருந்தார். வயலைப் பார்த்ததும் அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன, எல்லாரும் வயலுக்குள்ள? இப்ப வெள்ளாம வெட்டா?"

றிஸ்னாவுக்கு முன்னால் உம்மா கேட்டுவிட்டார்.

"காக்கா, கடலக் கண்டீங்களா?"

"இப்பதானே அங்க இரிந்து வாறன். பாருங்க, கால் இன்னும் காயல்ல. கடல் தாம்பாளம் மாதிரிக் கிடக்கு."

"அப்ப தோணிய ஏன் ஏத்துறீங்க?" இது றிஸ்னா.

"ஹமீட் சேர்தான் ஏத்தச் சொன்ன. நாளைக்கு உதவி தந்த ஆக்கள் வாறாங்களாம், படம் எடுக்கிறாங்களாம். பள்ளிக்கூட மைதானத்தில வடிவா வரிசையில வெக்கட்டாம். ஏன், அவர் உங்களுக்கெல்லாம் சொல்லல்லையா?"

சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவார்? சொல்கிற மரத்தின் வாயைத்தான் அவர் அலுமாரியில் பூட்டியிருந்தாரே.

"ஹமீட் சேர் எங்க?" என்று நாலு பக்கமும் தேடினார்கள்.

அடுத்த வரம்பில் ஒருவர் தலையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கவிழ்த்துக்கொண்டு, அக்குளில் பெட்டியையும் மைக்கையும் இடுக்கிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை இப்போது வெள்ளை இல்லை. பேனாவைக் காணவில்லை.

"முகாம்ர சாமான்" என்றார் ஹமீட் சேர், யாரும் கேட்காமலே. "கடல் கொண்டுபோனா நான்தான் பதில் சொல்லணும்."

"சேர், நீங்க கண்டீங்களா?" என்று றிஸ்னா மரியாதையாகக் கேட்டாள்.

"என்னத்த?"

"கடல."

"இல்ல. எல்லாரும் ஓடின, நானும் ஓடின. கரையில தோணியெல்லாம் ஏத்துறாங்களாம், எண்டு..."

வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. ஹமீட் சேர் ரோட்டைப் பார்த்தார். தோணியைப் பார்த்தார். தோணிக்குள் இருந்த மீராமுகைதீன் அவருக்கு ஸலாம் சொன்னார்.

அந்த நேரம் சனக்கூட்டத்தால் ரோட்டில் நின்றுபோன அம்பாறை பஸ்ஸிலிருந்து இறங்கி, நதீரா ராத்தா வரம்பு வழியாக ஓடி வந்தார். நடந்ததை றிஸ்னா ஒரே மூச்சில் சொன்னாள். ஆச்சரியம், அதில் ஒரு கேள்விகூட இல்லை.

பக்கத்தில் நின்றவர்களுக்கு விசயம் விளங்கிவிட்டது. ஆனால் தூர வரம்புகளில் சனம் இன்னும் மேற்கே போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு கிழவரை அவர் உட்கார்ந்திருந்த கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு யார் சொல்வது?

ஓட்டோக்காரர் தன் பற்றரியில் கம்பியைக் கொழுவினார். குழாயை ஓட்டோவின் கூரையில் கட்டினார்கள். பெட்டி 'கொர்ர்' என்று உயிர் பெற்றது.

ஹமீட் சேர் மைக்கை நதீரா ராத்தாவிடம் நீட்டினார். நீட்டியவர் குரலைத் தாழ்த்தினார்.

"கடல் வரல்ல எண்டு மட்டும் சொல்லுங்க. தோணிக் கதை வேணாம். என்ட பேரும் வேணாம்."

நதீரா ராத்தா மைக்கை வாங்கவில்லை.

"சேர், அவங்க கேக்கப் போறது 'பின்ன ஏன் ஓடின?' எண்டுதான். அதுக்கு நான் என்ன சொல்ற?"

"இப்ப அதுக்கா நேரம்? சனம் போகுது பாருங்க!"

"சேர்." பேசியது உம்மா. றிஸ்னா திரும்பிப் பார்த்தாள். நாலு பேருக்கு முன்னால் உம்மா இவ்வளவு சத்தமாகக் கதைத்து அவள் கண்டதே இல்லை.

"கடல் வரல்ல எண்டு மட்டும் சொன்னா நான் திரும்பிப் போகமாட்டன் சேர். தோணி ஏன் ரோட்டுக்கு வந்த எண்டு எனக்குத் தெரியணும். தெரியாட்டி, நாளைக்கும் ஒரு தோணி ரோட்டில போகும். நான் நாளைக்கும் ஓடணுமா?"

"ஓம், நானும் போகமாட்டன்" என்றாள் சோற்றுப் பானைக்காரி.

"நானும்" என்றார் மணிக்கூட்டுக்காரர்.

ஹமீட் சேரின் கை வழக்கம்போலச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே பேனா இல்லை, சேறுதான் இருந்தது. அந்தச் சேற்றை விரலால் வழித்து எறிந்தார். பிறகு மைக்கைத் தன் வாய்க்கே கொண்டுபோனார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் அப்துல் ஹமீட் கதைக்கிறன். கடல் வரல்ல. தோணிதான் வந்த. தோணிய ஏத்தச் சொன்னது நான். உங்களுக்குச் சொல்ல மறந்து போன..."

நிறுத்தினார்.

"மறக்கல்ல. சொல்ற பெட்டிய நான்தான் பூட்டி வெச்சிருந்த."

மைக் கை மாறியது. இஞ்சித் தேநீர் குடித்துக் குடித்துக் கரகரத்துப்போன அந்தக் குரல், பல நாட்களுக்குப் பிறகு பெரிதாக எழுந்தது.

"இன்றைக்குக் கடல் அமைதி. கண்டு சொன்னவர், தோணிக்கார மீராமுகைதீன்."

தூர வரம்புகளில் போனவர்கள் நின்றார்கள். திரும்பினார்கள். கதிரையை இறக்கி வைத்தார்கள். கிழவர், "இன்னும் கொஞ்சம் தூக்குங்களன், நல்லாத்தானே இரிந்திச்சு" என்றாராம். எங்கிருந்தோ ஒருவர் சிரித்தார். பிறகு வயலே சிரித்தது. கதிர்காமன்தான் கடைசியாகச் சிரித்தார், ஏனென்றால் அவர் பெட்டியிலிருந்து இரண்டு மீனோடு கொக்கு போய்விட்டது.

அன்று மாலையே குழாய் தென்னையில் ஏறியது. ஏணியைப் பிடித்துக்கொண்டது ஹமீட் சேர். 'எனக்கிட்டக் காட்டணும்' என்ற பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. ஆனால் தினமும் முதல் ஆளாக வந்து மரத்தடியில் நின்றார். தன் பெயர் வருகிறதா என்று கேட்கத்தான் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் வந்தது: "கறுப்புத் தாங்கி கழுவப்பட்டது. கழுவியவர் அப்துல் ஹமீட். கண்டு சொன்னவர் றிஸ்னா." அன்று அவர் சட்டை நனைந்திருந்தது, முகம் மலர்ந்திருந்தது.

காற்றில் அனுப்பும் அனுமதி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. நதீரா ராத்தா இன்னும் போகிறார். அவர்களும் இன்னும் "பிறகு வாங்க" என்கிறார்கள். "இவ வராம விடமாட்டா" என்று அங்கே ஒருவர் சலித்துக்கொண்டாராம். அதை ராத்தா ஒரு நல்ல செய்தியைப்போலச் சொன்னார்.

சம்மாந்துறைக்குப் போகவேண்டிய கிழமை வந்தது. பையை எடுப்பதா என்று றிஸ்னா கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் அவளுக்கும் உண்டு.

காலையில் உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார். பையைப் பார்த்தார். அதை எடுக்கவில்லை.

"வா மகள்."

"எங்க உம்மா?"

"வா எண்டா வா."

அவர்கள் மேற்கே போகவில்லை. உம்மா மெதுவாக நடந்தார். இரண்டு தரம் நின்றார். மணல் தொடங்கிய இடத்தில் றிஸ்னாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

நீண்ட நேரம் பார்த்தார். அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். றிஸ்னாவுக்கு ஆயிரம் கேள்வி வந்தது. ஒன்றையும் கேட்காமல் உம்மாவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் உம்மா தென்னையடியில் நின்று, நதீரா ராத்தாவிடம் ஏதோ சொன்னார்.

அன்று அஸர் முடிந்தது. மரம் பேசியது. பால்மா, டொக்டர், ஒரு தொலைந்த ஆடு. பிறகு கடைசிச் செய்தி.

"இன்றைக்குக் கடல் அமைதி. கண்டு சொன்னவர், கடைசி வரிசைக் கொட்டில் சுபைறா."

றிஸ்னா துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். உம்மா அன்று மரம் சொல்வதற்கு முன்பே அடுப்பை மூட்டியிருந்தார். கையில் அகப்பையோடு, கொதிக்கும் பானையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார் பானையிடம். "நான்தான் கண்ட."